மடக்கு மேசை அலமாரி: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

சிங்கப்பூரின் பொங்கோலில் ஈரறை ஃபிளெக்சி எனும் சிறிய அடுக்குமாடி வீட்டின் சாவி கைக்கு வந்ததும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது, எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மடக்கு மேசை அலமாரியைப் போலத் தமக்கும் ஒன்று செய்துகொள்ளலாமா என்பதுதான். இரண்டு மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் தச்சரின் எண்ணைக் கொடுத்திருப்பேன். அதன் மின்கம்பி நசுங்கி வீடே இருண்டு, பழுதுபார்க்கக் காசு கொடுத்து முடித்த வாரத்தில் அவர் கேட்டுவிட்டார்.

எங்களுடையது ஈசூனில் உள்ள பழைய மூவறை வீடு. படுக்கையறைகள் இரண்டிலும் ஆள் உண்டு என்பதால் அம்மா கூடத்தில்தான் படுக்கிறார். 2021ஆம் ஆண்டு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று முடிவானபோது, பகலில் மேசையாகவும் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெறும் அலமாரிக் கதவாகவும் இருக்கக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. அகலம் 100 சென்டிமீட்டர், ஆழம் 36. முன்பலகையைக் கீழே இறக்கினால் தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் உயரத்தில் 55 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசை கிடைக்கும். “முடிஞ்சிருச்சாய்யா? மெத்தைய விரிக்கவா?” என்று அம்மா கேட்ட இரண்டு நிமிடத்தில் இடத்தை ஒழித்துத் தர முடிகிறது. இந்த ஒரு காரியத்தில் அலமாரி என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

நன்றாக அமைந்தவற்றை முதலில் சொல்வதுதான் நியாயம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவாக இருந்தும், 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பலகை ஓரங்களில் ஊதி, திருகாணியின் பிடி தளர்ந்துவிடும் என்பதை முந்தைய புத்தக அலமாரியில் பார்த்திருந்தேன். மேசைப் பலகையின் முழு நீளத்துக்கும் ஒரே பியானோ கீல் ஓடுவதால், முன்விளிம்பில் கையை ஊன்றும் பாரம் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இறங்காமல் வரிசையாக எல்லாத் திருகாணிகளுக்கும் பிரிந்து போகிறது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள பலகையைக் காரின் பின்கதவில் இருப்பது போன்ற வாயுத் தண்டுகள் இரண்டு தாங்குகின்றன. எழுபது வயதைக் கடந்த அம்மா அதை ஒரு கையால் தூக்கி மூடுகிறார். கணினித் திரையை மேசைமேல் வைக்காமல் அலமாரியின் பின்பலகையில் பொருத்தியது எல்லாவற்றிலும் சிறந்த முடிவு. தட்டச்சு செய்யும்போது மடக்குப் பலகை சற்றே அதிரத்தான் செய்யும்; அந்த அதிர்வு திரைக்குப் போகாததால் கண்ணுக்குத் தொல்லையில்லை.

இத்தனையையும் சரியாகச் செய்த தச்சர், நானும் உடன்பட்டு, ஒரே ஒரு தவறைச் செய்தார். கைக்கு எட்டும்படி இருக்கட்டும் என்று பல துளைகள் கொண்ட மின்செருகு பட்டையை மடங்கும் பலகையின் பின்விளிம்பிலேயே பொருத்திவிட்டார். 230 வோல்ட் மின்சாரம் ஓடும் அதன் கம்பி, கீலைக் குறுக்கே கடந்துதான் சுவருக்குப் போயாக வேண்டும். பலகையை மூடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே ஒரு சென்டிமீட்டரில், அது மடிந்தது. முதல் ஆண்டிலேயே மூடும்போது கடைசியில் ஒரு சிறு எதிர்ப்பு, ரப்பரை அழுத்துவது போல, கையில் தெரிந்தது. கம்பியைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு மூடப் பழகிக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாக என்னை எரிச்சல்படுத்தியது அந்தத் தள்ளல்தான். வாரம் மூன்று நாள் என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 600 முறை.

ஒருநாள் காலை, இணையவழிக் கூட்டத்தின் நடுவே பலகையைச் சற்று உயர்த்திக் கீழே விழுந்த பேனாவை எடுத்தேன். விளக்கு, மின்விசிறி, இணையம் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கம்பியை உருவிப் பார்த்தபோது, மேலுறை நகத்தால் கீறியது போல் ஒரு கோடாகப் பிளந்து, உள்ளே மின்சாரம் வரும் பழுப்பு இழையும் நிலத்தொடர்புக்கான பச்சை மஞ்சள் இழையும் நசுங்கிச் செம்பு மினுங்கியது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் தன் வேலையைச் செய்ததால் பிழைத்தோம். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். பழைய வீட்டில் இருப்பவர்கள் மின்பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூடும் கை சில நாள் அம்மாவுடையது, கீலோ உலோகம். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. தச்சரிடம் சொன்னபோது, “அதெல்லாம் எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் தம்பி போடுறோம்” என்றார்.

உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பட்டையைக் கழற்றி, அசையாத பின்பலகையில் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். இப்போது மேசைக்கு இறங்குவது மடிக்கணினியின் மெல்லிய மின்னூட்டக் கம்பி மட்டும். மூடுமுன் அதை உருவி மேல்தட்டில் வைத்துவிடுகிறோம். எந்தக் கம்பியாவது கீலைக் கடந்தே தீரவேண்டும் என்றால், குறுக்கே இழுக்காமல் கீலின் அச்சை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ஓடவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும். அப்போது அது ஒரே இடத்தில் மடியாமல், அந்த நீளம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொள்ளும். மடிக்கணினியில் திரைக்குப் போகும் கம்பிகளும் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. இதை முதலில் வரைந்த தாளிலேயே குறித்திருக்க வேண்டும். பலகை அளவுகளைப் பத்து முறை திருத்திய நான் கம்பிக்கு ஒரு கோடுகூட வரையவில்லை.

சுவரோடு ஒட்டி வைத்ததால் பின்பலகையில் பூஞ்சை படர்ந்ததும் உண்டு. இரண்டு விரல் இடைவெளி விட்டு, கவிழாதபடி சுவருக்கு இரும்புத் துண்டு கொடுத்தபின் அது நின்றது.

நண்பரிடம், “வேண்டாம், சாதாரண மேசை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டேன். மேலே நான் எழுதிய பாராட்டுகளோடு அது பொருந்தவில்லை என்பது எனக்கே தெரிகிறது. அந்தப் பிளந்த கம்பியை இன்னும் குப்பையில் போடாமல் மேல்தட்டில் வைத்திருக்கும் இந்த நேரத்தில் வேறு பதில் வாயில் வரவில்லை. அளவுகளை மட்டுமாவது அனுப்பும்படி அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வரைபடத்தில் கம்பியின் பாதையைச் சேர்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும்.