ஏவி ரிசீவருக்கு எந்த ரிமோட்: கம்பெனி ரிமோட்டா, டிவி ரிமோட்டா, போனா?

டிவி, பாக்ஸ் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ஏவி ரிசீவர் வாங்கி, 5.1 ஸ்பீக்கரும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மாட்டியாகிவிட்டது என்றால் அடுத்த தலைவலி சோபாவில் கிடக்கும் ரிமோட்கள்தான். டிவிக்கு ஒன்று, செட் டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு ஒன்று, இப்போது ரிசீவருக்கும் ஒன்று. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினசரி சத்தம் கூட்டக் குறைக்க டிவி ரிமோட்டோ ஸ்டிக் ரிமோட்டோ போதும், ஆனால் ரிசீவரோடு வந்த ரிமோட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

எல்லா வழிகளையும் ஒரே சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு ஓடிடியில் படம் ஓடுகிறது, வசனம் காதில் விழவில்லை, சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக்காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது, அதனால் மொத்த வால்யூமைத் தொடாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதை நேராகச் செய்ய வழி உள்ளது ரிசீவரோடு வந்த கம்பெனி ரிமோட்டில்தான். டெனான் ரிசீவரில் ஆப்ஷன் பட்டனை அழுத்தி, சேனல் லெவல் அட்ஜஸ்ட் போய், சென்டரை ஏற்றினால் ஆயிற்று. ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் ஸ்டிக்குக்கு ஏற்றியது ப்ளூரேவைக் கெடுக்காது. யமஹாவிலும் ஆப்ஷனுக்குள்தான், டயலாக் லெவல் என்று இருக்கும், 0 முதல் 3 வரை. அப்புறம் அந்த ரிமோட்டில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுகிற இன்னொன்று, டெனானின் குவிக் செலக்ட் 1 முதல் 4, யமஹாவில் சீன் பட்டன்கள். வேண்டிய இன்புட், சவுண்ட் மோட் எல்லாம் வைத்துவிட்டு, டெனானில் அந்த எண் பட்டனை விடாமல் பிடித்தால் டிஸ்ப்ளேயில் மெமரி என்று வரும், அவ்வளவுதான், பதிந்துவிட்டது. இதில் வால்யூம் அளவும் சேர்ந்தே பதிகிறது. 2ஆம் எண்ணை 'ராத்திரி படம்' என்று வைத்துவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் ஒரே அழுத்தில் போய்விடலாம், ஆப்ஷன் மெனுவையெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த ரிமோட்டின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பொடிப்பொடியாகப் பட்டன்கள், விளக்கை அணைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. தெரியாத குறை ஜோன் 2, அதாவது இன்னொரு அறைக்கும் ஒலி அனுப்பும் வசதி. பல டெனான் ரிமோட்களில் மெயின், ஜோன் 2 என்று இரண்டு பட்டன்கள் உண்டு. குழந்தை கையில் போனதும் ஜோன் 2 அழுந்திவிடும், அதன்பின் நீங்கள் அழுத்துவதெல்லாம் இல்லாத இரண்டாவது அறைக்குப் போய்க்கொண்டிருக்கும், ரிசீவர் செத்துவிட்டது என்று சர்வீஸுக்கு போன் அடிக்கிறவர்கள் உண்டு. மெயினை ஒருமுறை அழுத்துங்கள் போதும். அப்போதும் அசையவில்லையா, ரிமோட்டின் மூக்கை போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள், ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அந்த ஒளியை வடிகட்டிவிடுவார்கள், அதனால்தான் செல்ஃபி கேமரா.

அடுத்தது டிவி ரிமோட். டிவி ரிமோட் ரிசீவரையும் ஓட்டுவது ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே போகிற சிஇசி என்ற வசதியால்தான். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க், பெயர்தான் வேறு. டிவியில் ஏஆர்சி (டிவியின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பிப் போகும் வழி) என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையில்தான் கேபிள் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சிஇசி ஆனில் இருக்க வேண்டும், டிவியின் ஒலி வெளியீட்டையும் ரிசீவருக்கு மாற்றியிருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் டிவி ஆன் ஆகும்போது ரிசீவரும் எழுந்துகொள்ளும், டிவியின் வால்யூம் பட்டனே ரிசீவரை ஓட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

ஆனால் நம் சோதனையில் இது தோற்றுவிடும். ஆன், ஆஃப், வால்யூம், மியூட் தாண்டி சிஇசி வழியே பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது, நடு ஸ்பீக்கரெல்லாம் அதற்கு எட்டாது. வேகமும் கம்மிதான். ஒரு பிட் போகவே 2.4 மில்லிசெகண்ட், ஒரு வால்யூம் கட்டளை போய்ச்சேர எழுபத்தைந்துக்கு மேல். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சத்தம் உங்கள் விரலுக்குப் பின்னால் வரும், விட்டபிறகும் இரண்டு படி ஏறி நிற்கும் டிவிகளும் உண்டு. இன்னொரு தொல்லை, புளூடூத்தில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது டிவியை அணைத்தால் ரிசீவரும் சேர்ந்து அணையும். டெனானில் இதற்கு மருந்து இருக்கிறது: ஹெச்டிஎம்ஐ செட்டப்பில் பவர் ஆஃப் கண்ட்ரோலை 'ஆல்' என்பதிலிருந்து 'வீடியோ'வுக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது அதன் ரிமோட்டைத்தான். 2018இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே-யிலிருந்து, லைட் மாடலைத் தவிர, அந்த ரிமோட்டில் வால்யூம், மியூட் பட்டன்கள் இருக்கின்றன. ஸ்டிக்கோடு அது புளூடூத்தில் பேசும், ரிசீவருக்கு இன்ஃப்ராரெட்டில், அதாவது சாதாரண ரிமோட்களின் கண்ணுக்குத் தெரியாத ஒளியில், நேராகவே அனுப்பும். செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கண்ட்ரோலுக்குள் போய் ரிசீவரின் பிராண்டைச் சேர்த்தால் சரி. டிவி நடுவில் இல்லாததால் சிஇசியின் அந்த இழுவை இங்கே கிடையாது. ஒரே நிபந்தனை, ரிசீவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரக்கதவு போட்ட அலமாரிக்குள் வைத்திருப்பவர்களுக்கு சிஇசிதான் கதி.

ரிசீவர் கம்பெனியின் போன் ஆப்பை நான் இரண்டாம் பட்சமாகத்தான் வைப்பேன். வானொலி நிலையம் தேட, பாட்டுப் பட்டியல் போட அருமை, எழுத்தை டைப் செய்யலாம் என்பதே பெரிய வசதி. வால்யூமைக் குறைக்க மட்டும் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தேடித் திறப்பதற்குள் சண்டைக்காட்சியே முடிந்துவிடும். வைஃபை ரவுட்டர் அணைந்தால் ஆப்பும் போச்சு. ஸ்டாண்ட்பையில் உள்ள ரிசீவரை ஆப்பிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் நெட்வொர்க் கண்ட்ரோல் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் போகும். ஆப் போட்டால் கையோடு ரிசீவரின் வால்யூம் லிமிட்டையும் வைத்துவிடுங்கள். டெனானில் 60, 70, 80 என்று கிடைக்கும். திரையில் விரல் வழுக்கினால் ஸ்பீக்கர் கிழியாமலாவது இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே யுனிவர்சல் ரிமோட் வாங்கலாமா? இதில் பெயர்பெற்றது லாஜிடெக்கின் ஹார்மனி, அதன் தயாரிப்பை 2021 ஏப்ரலில் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது சோஃபாபேட்டன் போன்றவை இருக்கின்றன. 'படம் பார்' என்று ஒரே பட்டனில் டிவி, ரிசீவர், பாக்ஸ் மூன்றையும் ஆன் செய்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்ஃப்ராரெட் ஒருவழிப் பாதை, எது ஏற்கெனவே ஆனில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. ரிசீவர்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் குறியீடு பொதுவாக உண்டு. பல செட் டாப் பாக்ஸ்களில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான், ஆனில் இருந்த பாக்ஸ் அணைந்து, மற்ற இரண்டும் எழுந்து நிற்கும். புரொஜெக்டரோடு தனி அறை வைத்திருப்பவர்கள் வாங்கட்டும். ஹாலில் ஒரு டிவி, ஒரு ரிசீவர் என்றால் அந்தக் காசுக்கு சப்வூஃபருக்கு நல்ல கேபிள் வாங்கலாம்.