பர்னர் பிடித்துப் பிடித்து அணைகிறதா? கண்ட்ரோல் பெட்டியை மாற்றச் சொன்னால் உஷார்

டீசல் பர்னர் ஓவன் வைத்துப் பவுடர் கோட்டிங் (இரும்பில் பெயின்ட் பவுடரைத் தூவிச் சூட்டில் வேகவைப்பது) பட்டறை நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் பர்னர் சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவரிடம் 18,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பேர் போடவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை வைத்தே சிலருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கோளாறு இதுதான். சுவிட்சைப் போட்டால் ப்ளோயர் சுற்றும், ஸ்பார்க் டிக்டிக்கென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் ‘பக்’கென்று தீ பிடிக்கும். அப்பாடா என்று திரும்புவதற்குள் அணைந்து சிவப்பு விளக்கு வந்துவிடும். ரீசெட் பொத்தானை அமுக்கினால் மறுபடி அதே கதை. ஓவன் 200 டிகிரியைத் தொடாமல் எங்கள் பவுடர் வேகாது. வெந்த மாதிரி தெரிந்தாலும் நகத்தால் சுரண்டினால் உதிரும். டிராலி நிறைய கிரில் கேட் தொங்கிக்கொண்டிருக்க, பார்ட்டி வேறு வாசலில் வண்டியோடு நிற்கிறார்.

வந்தவர் மூடியைக் கழற்றி மேலோட்டமாகப் பார்த்தார். மீட்டர் வைக்கவில்லை, பிரஷர் கேஜ் மாட்டவில்லை. “சார், கண்ட்ரோல் பாக்ஸ் செத்துருச்சு. பம்ப்பும் வீக். ரெண்டையும் மாத்தாம ஓடாது” என்றார். ஸ்பார்க், டீசல் எல்லாவற்றையும் இயக்கி நிறுத்தும் பெட்டிதான் கண்ட்ரோல் பாக்ஸ். இரண்டும் பையிலேயே தயாராக இருந்தன. நாடி பிடிக்கும் முன்பே மருந்துச்சீட்டு எழுதிவிட்டார்! மாட்டும்போது தீயைப் பார்க்கும் போட்டோசெல்லையும் உருவி, துணியால் துடைத்துச் செருகியதை எங்கள் பையன் பார்த்திருக்கிறான். பர்னர் ஓடியது. பழைய பாகங்களைக் கேட்டால், “எக்ஸ்சேஞ்ச் ரேட்லதான் சார் போட்டிருக்கேன்” என்று பையில் போட்டுக்கொண்டார். பில் வெறும் துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, பாகத்தின் மாடல் நம்பரும் இல்லை.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போன் போட்டால் அவர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும்விட மோசம்: “பிடிக்கிற வரைக்கும் ரீசெட்டை அமுக்கிக்கிட்டே இருங்க.” தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். தீ பிடிக்காத ஒவ்வொரு முறையும் நாசில் (டீசல் தெளிக்கும் முனை) டீசலை உள்ளே பீய்ச்சிவிட்டுத்தான் நிற்கிறது. அது அடியில் தேங்கும், சூட்டில் ஆவியாகும். கடைசியில் தீ பிடிக்கும்போது மொத்தமாக வெடிக்கும். ஓவன் கதவுக்கு நேராக ஆள் நின்றால் என்ன ஆகும்? சிம்னியில் வெள்ளைப் புகையும் டீசல் நாற்றமும் வந்தால் பொத்தானில் கையே வைக்காதீர்கள்.

அப்புறம் மில் பாய்லர்களில் காலம் முழுக்க வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. “ஓட்டிக் காட்டுங்க தம்பி” என்றார். தீ பிடித்து அணைந்ததும் சிரித்தார். எங்கள் பர்னரில் இருப்பது எல்ஓஏ 24 என்கிற மாடல் கண்ட்ரோல் பெட்டி. தீயைப் பார்ப்பது போட்டோசெல் என்கிற சின்னக் கண். வால்வு திறந்து 10 விநாடிக்குள் அந்தக் கண் ‘தீ தெரிகிறது’ என்று சொல்லாவிட்டால் பெட்டி டீசலை நிறுத்திவிடும். ஆக, தீ பிடித்து அணைகிறது என்றால் ஸ்பார்க் இருக்கிறது, டீசல் வருகிறது, பெட்டியும் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கண்ணைத்தான்.

போட்டோசெல்லை உருவினார். கண்ணாடி முகம் முழுக்கக் கரி. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. துடைத்துவிட்டு மீட்டரில் வைத்துக் காட்டினார்: உள்ளங்கையால் மூடினால் ஓம்ஸ் (மின்தடை) எக்கச்சக்கமாக ஏறுகிறது, டார்ச் அடித்தால் சடாரென்று இறங்குகிறது. செல் நல்ல செல்தான்.

துடைத்ததோடு அவர் விடவில்லை. கரி ஏன் வந்தது? பம்ப்பில் கேஜ் மாட்டினார், பிரஷர் 7 பார்தான் காட்டியது. இந்த மாதிரி பர்னருக்கு 10 முதல் 14 பார் வரை இருக்க வேண்டும். புதுசு என்று விற்ற பம்ப்பை அந்த ஆள் செட் பண்ணவே இல்லை. பிரஷர் குறைந்தால் டீசல் பனியாகப் பிரியாமல் சொட்டுச் சொட்டாக விழுந்து புகைந்து எரியும். அந்தப் புகைதான் கண்ணை மறுபடி மறைத்திருக்கிறது. 12 பாருக்கு ஏற்றி, தேய்ந்த நாசிலை மாற்றி, காற்று உள்ளே போகும் வழியின் மூடியை (டேம்பர்) கொஞ்சம் திறந்தார். தீ ஆரஞ்சிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு வந்தது. நாசிலுக்கும் கூலிக்கும் சேர்த்து வாங்கிய பணம் முதல் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

‘புது’ப் பெட்டியின் கதையையும் கேளுங்கள். திருப்பிப் பார்த்தால் திருகுகளில் பழைய ஸ்குரூடிரைவர் தழும்பு. எல்ஓஏ 24-க்குப் பதிலாக எல்எம்ஓ 24 வந்து பல வருஷம் ஆகிறது. யாரோ ஒருவர் பட்டறையில் கழற்றியதை எனக்கு மாட்டியிருக்கிறார். என்னுடையது இப்போது யார் பட்டறையில் ‘புதுசாக’ ஓடுகிறதோ!

எல்எம்ஓ வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. லாக்-அவுட் ஆனதும், அதாவது பர்னர் நின்று சிவப்பு விளக்கு வந்ததும், ரீசெட் பொத்தானை மூன்று விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக் காரணம் சொல்லும். இரண்டு சிமிட்டல் என்றால் குறித்த நேரத்துக்குள் தீ தெரியவில்லை, ஏழு என்றால் ஓடும்போது தீ பலமுறை அணைந்திருக்கிறது. மெக்கானிக் வருவதற்கு முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், போனில் வீடியோவும் எடுத்துவிடுங்கள். கழற்றுகிற பாகம் எதுவானாலும் பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

என் பழைய பம்ப்பையும் பெட்டியையும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காயலான் கடைக்குப் போட்டாயிற்றாம். எந்தக் கடை என்று கேட்டதிலிருந்து போனை எடுப்பதில்லை.