தூரக் கணிப்பான் காட்டும் நேரமும் கிளிநொச்சியிலிருந்து உண்மையில் ஆகும் நேரமும்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறப்பு நேரத்தையும் காட்டும் இணையக் கணிப்பான்களை, வன்னியிலிருந்து லண்டன், ரொறன்ரோ, சென்னை போகிறவர்களுக்காக நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தது இது: தூரத்தை நம்பலாம், நேரத்தை அப்படியே எடுக்கக்கூடாது.

கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 8,710 கிலோமீற்றர். பூமியின் வளைவை ஒட்டி வரும் மிகக் குறுகிய பாதை அது. அதே தூரம் சாதாரண மைலில் ஏறத்தாழ 5,415, கடல் மைலில் 4,705. இரண்டு தளங்கள் இரண்டு எண் காட்டினால் முதலில் அலகைப் பாருங்கள்.

நேரத்துக்குப் பல கணிப்பான்கள் தூரத்தை மணிக்கு 500 மைல் என்ற ஒரே வேகத்தால் பிரித்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுகின்றன. லண்டனுக்கு 11 மணி 20 நிமிடம் வரும். நேரடி விமானத்துக்கு இது கிட்டத்தட்டச் சரி. திரும்பி வரவும் அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று தள்ளிவிடுவதால் வரும் பயணம் பெரும்பாலும் சீக்கிரமே முடியும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்–சென்னையில் கணக்கு மற்றப் பக்கம் சறுக்கும். தூரம் 356 கிலோமீற்றர்தான், கணிப்பான் ஒரு மணித்தியாலத்துக்குள் என்னும். அங்கே பறப்பது ஏ.ரி.ஆர். 72, காற்றாடி விமானம். வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. ஒன்றேகால் மணித்தியாலம் என்று வையுங்கள். அந்த வழியால் போய்ச் சென்னையில் வேறு ரிக்கெற்றில் லண்டனுக்கு ஏறுவதென்றால், பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசாவும் தேவை.

மிகவும் ஏமாற்றுவது ரொறன்ரோ. கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீற்றர், நேரம் ஏறக்குறைய 18 மணித்தியாலம் என்று வரும். நேரடி விமானம் கிடையாது. டோகா வழி என்றால் 3,610, பிறகு 10,880 கிலோமீற்றர்; பறப்பு மட்டுமே 19 மணித்தியாலம், ரான்சிற் வேறு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே போட்டுப் பார்ப்பதே சரியான வழி.

ரிக்கெற்றில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30க்கு லண்டன் என்றிருந்தால் ஆறரை மணித்தியாலப் பயணமென்று எண்ணிவிடுவார்கள். கோடையில் இலங்கை, லண்டன் நேர வித்தியாசம் நாலரை மணித்தியாலம், ஆகவே பறப்பு 11 மணித்தியாலம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் ஐந்தரை. கூப்பிட வருகிறவர்களுக்கு லண்டன் நேரத்தை மட்டும் அனுப்புங்கள்.

கணிப்பான் காட்டாத பெரிய பங்கு தரையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்க 300 கிலோமீற்றரை ஒட்டி வரும். வான் வண்டியில் ஆறு, ஏழு மணித்தியாலம். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும்; பல நிறுவனங்கள் ஒரு மணித்தியாலம் முன்பே கவுண்டரை மூடிவிடும். பகல் 1.00 மணி விமானத்துக்கு அதிகாலை 2.30க்காவது வான் புறப்பட வேண்டும். முல்லைத்தீவு என்றால் அதற்கும் முன்னர். அநுராதபுரம்–புத்தளம் வீதியில் இரவில் யானை கடக்கும், அங்கே வேகமாய் ஓடி நேரத்தைப் பிடிக்கலாமென்று சாரதியை நெருக்க வேண்டாம்; அரை மணித்தியாலம் முன்னதாகவே வெளிக்கிடுங்கள்.