பம்பை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை: இணையத் தொடர்களை வேலூரில் பார்க்கும் அனுபவம்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், ஓடிடி சந்தாவை ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டலாமா, கட்டினால் தமிழ்த் தொடர்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது கதையைப் பற்றி. ஆனால் அந்தக் கதை அவர் வீட்டுக் கூடத்தில் காதில் விழுமா என்பதை முதலில் சொல்லாவிட்டால் என் பதில் அரைகுறையாகிவிடும். கதைச்சுருக்கமும் நடிகர் பட்டியலும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதிலிருந்து தொடங்குவதானால் 'சுழல்' முதல் சீசனில்தான் தொடங்க வேண்டும். புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி 2022 ஜூன் மாதம் வெளிவந்த தொடர் அது. அண்மையில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து அதை மறுபடியும் பார்த்தோம். கதை முழுவதும் மயானக் கொள்ளைத் திருவிழாவை ஒட்டி நகர்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய ஈர்ப்பு. மகா சிவராத்திரியை அடுத்து வரும் மாசி அமாவாசையில், அங்காளம்மனைத் தேரில் ஏற்றிப் பாலாற்று மணலுக்குக் கொண்டுவந்து, காளி வேடமிட்டவர்கள் ஆடிவர, சுண்டலையும் காய்கறிகளையும் சில்லறைக் காசுகளையும் கூட்டத்தின்மீது வீசும் காட்சியை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அது ஒரு தொடரின் முதுகெலும்பாக வருவது சாதாரண விஷயம் அல்ல. மேல்மலையனூரையும் வேலூரையும் நினைவூட்டும் இந்தத் திருவிழாவைச் சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் கொண்டுபோய் வைத்திருப்பது எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயினும், முகத்தில் பூசிய வண்ணத்துக்குள்ளிருந்து கண்கள் மட்டும் தெரியும் அந்த நெருக்கத்தையும், கூட்டத்தில் ஒருவர் காணாமல் போவது எவ்வளவு எளிது என்பதையும் கதையோடு இவ்வளவு இறுக்கமாகப் பின்னியதற்காக அந்த மலையை மன்னிக்கலாம். சாம் சி. எஸ். இசையில் திருவிழா முழக்கம் எழும்போது, ஆற்றங்கரையில் கேட்கும் பம்பையும் உடுக்கையும் தானாக நெஞ்சில் சேர்ந்துகொள்கின்றன. அந்த இடங்களில் ஒலியைக் குறைக்கச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

முழக்கம் ஓய்ந்து இரண்டு பேர் பேசத் தொடங்கியதும்தான் தொல்லை ஆரம்பமாகிறது. அம்மா கேட்பார்: "இன்னாடா சொன்னான் அவன்?" நான் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டுவேன். இரண்டு வசனம் புரியும். உடனே கதவு ஒன்று படீரென்று சாத்தப்படும், அல்லது பின்னணி இசை கூரையைப் பெயர்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் ஒலியைக் குறைக்க வேண்டும். குறைத்த கையோடு கதாபாத்திரங்கள் மறுபடியும் முணுமுணுப்பார்கள். இது ஒரு தொடரின் குறையோ ஒரு தளத்தின் குறையோ அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் பார்த்த தொடர்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் இப்படி ரிமோட்டைக் கையில் பிடித்தபடிதான் பார்த்திருக்கிறோம்.

காரணம் ஓரளவு தெரிந்ததுதான். இத்தகைய தொடர்களை ஐந்து ஒலிபெருக்கிகளும் தாழ்ந்த ஓசைகளுக்கென ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 அமைப்புக்காக மிக்ஸ் செய்கிறார்கள். அதில் வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஒலிபெருக்கிக்குப் போகிறது. இசையும் மற்ற ஓசைகளும் சுற்றியுள்ளவற்றுக்குப் போகின்றன. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் இருப்பவையோ இரண்டே ஒலிபெருக்கிகள். பெட்டியை மெல்லியதாக்கும் ஆசையில் அவற்றையும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ வைத்துவிட்டார்கள். ஆறு வழிகளில் வந்த ஒலியை இரண்டில் அடைக்கும்போது, சென்டருக்கு உரியதை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பங்கிடுவது வழக்கம். தனக்கென ஓர் இடம் வைத்திருந்த வசனம் அப்போது இசையோடும் இரைச்சலோடும் ஒரே வாசலில் முட்டி மோத வேண்டியதாகிறது. அதோடு, மெல்லிய ஓசைக்கும் பெரிய ஓசைக்கும் உள்ள இடைவெளியைத் திரையரங்கில் இருப்பது போலவே அகலமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடைவெளி அமைதியான அறைக்குப் பொருந்தும். வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது செய்தியே அல்ல. மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, சன்னலோரம் ஏர்கூலர் இரைய, நால்வர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு காவல் அதிகாரி தன் சட்டைப் பொத்தானிடம் பேசுவது போல ரகசியம் பேசினால் யாருக்குக் கேட்கும்? விசிறியின் இரைச்சல் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்யெழுத்துகளைத்தான் முதலில் விழுங்குகிறது. ஓசை வருகிறது, சொல் வருவதில்லை. துப்பறியும் கதையில் ஒரு பெயர் தவறினால் அடுத்த எபிசோட் முழுவதும் கேள்வியாகிவிடும்.

தொலைக்காட்சிப் பெட்டியையே குற்றவாளியாக்கிவிடலாம் என்றால், அதே பெட்டியில், அதே விசிறிக்கு அடியில், அம்மா பார்க்கும் மெகா தொடரின் ஒவ்வொரு சொல்லும் சமையலறை வரை கேட்கிறது. அதில் ஏற்ற இறக்கம் குறைவு, பேச்சை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், நடிகர்களும் வாயைத் திறந்து பேசுகிறார்கள். கலை நயம் என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பார்வையாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்தவர்கள் யார் என்று கேட்டால், பதில் எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'சுழல்' தொடரின் ஓர் எபிசோடைக் கைபேசியில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். நடிகர் கதிரின் தணிந்த பேச்சும், ஐஸ்வர்யா ராஜேஷ் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விழுங்கும் இடமும், பின்னால் தூரத்தில் கேட்கும் மேளமும் தனித்தனியாகத் துல்லியமாக விழுந்தன. ஒலிக் கலைஞர்கள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். அந்த வேலை எங்கள் கூடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு மூலைக்கொருவராகப் பார்ப்பதற்கு ஒரே சந்தா எதற்கு, ஒரே கூடம்தான் எதற்கு என்பது வேறு கேள்வி.

வழிகள் இல்லாமல் இல்லை. தளத்தின் ஒலிப் பட்டியலில் 5.1-க்குப் பதிலாக ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாத் தொடர்களுக்கும் அது இருப்பதில்லை. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் சினிமா என்பதை விட்டுப் பேச்சுக்கு உரியதை வைக்கலாம். இரவுப் பயன்முறை என்று ஒன்று இருந்தால் அது பெரிய ஓசைகளை அடக்கிச் சிறியவற்றைத் தூக்கிவிடும். இவற்றைச் செய்தபின் வசனம் எங்கள் வீட்டில் நன்றாகவே கேட்டது. ஆனால் மயானக் கொள்ளை முழக்கம் தகர டப்பாவைத் தட்டுவது போலச் சுருங்கிப்போயிற்று. வசனத்தைக் காப்பாற்றினால் பம்பை போய்விடுகிறது, பம்பையைக் காப்பாற்றினால் அம்மாவின் கேள்வி திரும்பிவருகிறது. வசனத்துக்குத் தனி சென்டர் உள்ள சவுண்ட்பாரை, அதாவது தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் நீண்ட ஒலிபெருக்கியை, வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று கடைக்காரர் சொல்கிறார். தீரக்கூடும். தமிழ்த் தொடரில் பேசும் தமிழ் எனக்குக் கேட்பதற்காக ஓர் ஆண்டுச் சந்தாவைவிடப் பல மடங்கு விலையில் ஒரு குழாயை வாங்க வேண்டுமா என்ற கோபம் தணியும் வரை வாங்கப்போவதில்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே கொலையாளியின் பெயர் கீழே எழுத்தில் வந்துவிடும் சுகத்தை அனுபவித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி'யில் எஸ். ஜே. சூர்யா வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்லும் தவறுவதில்லை. இறந்த பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்பவர்கள்தான் அடங்கிய குரலில் சொல்கிறார்கள், அந்தக் கதைகளே தொடரின் உயிர் என்பதால் இழப்பு அதிகம். 'சுழல்' இரண்டாம் சீசன் (2025 பிப்ரவரி) கடலோர ஊருக்கும் அட்டகாளித் திருவிழாவுக்கும் நகர்ந்துவிட்டது; பார்க்கலாம், ஆனால் முதல் சீசனின் பிடி அதில் இல்லை. எங்கள் கூடத்தில் விசிறியை வென்ற ஒரே தொடர் 'அயலி'. 2023 ஜனவரியில் வந்த அந்தத் தொடரில் இயக்குநர் முத்துக்குமார் ஒரு கிராமத்தையே வாய்விட்டுச் சண்டைபோட வைத்திருக்கிறார். வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்குப் போகும் தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திராவும், அவளுடைய அம்மாவாக அனுமோளும் பேசிய எதையும் எங்கள் அம்மா ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கடைசிப் பகுதியில் சற்றே மேடைப்பேச்சாக மாறுகிறது என்ற குறை எனக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. தமிழில் நான் பார்த்த தொடர்களில் முதலிடம் 'சுழல்' முதல் சீசனுக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக இப்போது சந்தா கட்டாதீர்கள். குடியாத்தத்து வெயில் வேலூர் வெயிலுக்கு இளைத்ததல்ல, உங்கள் வீட்டு ஏர்கூலரின் சத்தத்தை நான் தொலைபேசியிலேயே கேட்டிருக்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்து, கூலரை மூடி வைத்து, விசிறியை இரண்டில் ஓடவிடும் நாள் வந்தபின், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, ஒலியை சினிமாவிலேயே வைத்துப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால் 'அயலி' இருக்கிறது.