பழைய தேக்கா, படகு மரமா, பேலட் பைனா? வடசென்னையில் எதை எதற்கு வாங்கலாம்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டைப் பக்கம் பழைய வீடு இடிபட்டால் தேக்கு உத்திரமும் நிலைக்கதவும் இறங்கும். காசிமேட்டில் ஓய்ந்த விசைப்படகைப் பிரித்தால் பலகையும், உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வளைந்த கட்டையான வங்குக்காலும் கிடைக்கும். துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளிலிருந்து பைன் பேலட்டுகள் (சரக்கு அடுக்கி வைக்கும் மரத் தட்டுகள்) பழைய சாமான் கடைக்கு வருகின்றன. கேட்டால் எல்லாமே ‘பழைய மரம்’தான். விலை வாரத்துக்கு வாரம் மாறும், பேரத்துக்குப் பேரம் மாறும். அதனால் அதை விடுவோம். அறுத்து இழைத்த பிறகு கையில் மிஞ்சுவது எவ்வளவு, அது எந்த உருவத்துக்கு ஒத்துழைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

4 அடிக்கு 2 அடி டீப்பாய் ஒன்றை அளவாக எடுத்துக்கொள்ளலாம். தடிமனையும் அகலத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஓர் அங்குல மேல்பலகைக்கு 0.67, இரண்டரை அங்குலக் கால்கள் நான்குக்கு 0.26, சுற்றுச் சட்டத்துக்கு 0.23. மொத்தம் ஏறக்குறைய 1.2 கன அடி. இதற்குத் தேக்கில் 1.75 கன அடியாவது வாங்க வேண்டும். படகு மரத்தில் இரண்டரைக்குக் குறைந்தால் போதாது.

தேக்கில் வீணாவது பெரும்பாலும் உத்திரத்தின் நுனிகளில். சுவருக்குள் புதைந்திருந்த பகுதி சுண்ணாம்பு ஈரத்தில் மக்கியிருக்கும், கரையானும் அங்கேதான் முதலில் நுழையும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசை மழுங்கும் இடம்வரை வெட்டி எறியுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை அடி முதல் ஓர் அடி வரை போகும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகே இழைப்புளி தொட வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு உடனே மழுங்கிவிடும். ‘பர்மா’ என்று சொல்லித் தரும் கட்டையின் ஓரத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். முதிர்ந்த காட்டுத் தேக்கில் ஆண்டு வளையங்கள் நெருங்கியிருக்கும், தோல் போன்ற எண்ணெய் வாசம் வரும். வளையங்கள் அகன்று வெளிறியிருந்தால் அது தோட்டத் தேக்கு, மேலே பூசிய கறுப்பை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய்ப் பசையே ஒட்டும்போது எதிரியாகும். இழைத்த அன்றே, ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பசை போடுங்கள்.

வாங்கிய தேக்கு எவ்வளவு பழசானாலும் ஈரத்துக்கு ஏற்ப அசையும். குறுக்குவாட்டில், ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலம் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். ஏ.சி. அறைக்குள் போய் நான்கு சதவீதம் காய்ந்தால் 2 அடி அகல மேல்பலகை கிட்டத்தட்ட 5 மி.மீ. குறுகும். சட்டத்தோடு இறுக்கி ஸ்க்ரூ அடித்தால் பலகை நடுவில் வெடிக்கும். சட்டத்தில் ஸ்க்ரூ துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி விடுவதே வழி.

படகு மரத்தின் கதை வேறு. பக்கப் பலகை பெரும்பாலும் ஆயினி, மருது வகை. உள்ளே எலும்புபோல் நிற்கும் வங்குக்காலுக்குக் கருவேலம் உண்டு, அதுவும் கிளை இயல்பாக வளைந்த இடத்தையே பார்த்து வெட்டியது. இதுதான் படகு மரத்தின் பெரிய சொத்து. அலை, கொடி, மீன் முதுகு என்று வளைவான உருவத்தைத் தேக்கு உத்திரத்திலிருந்து அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, மெலிந்த இடத்தில் படக்கென்று ஒடியும். வங்குக்காலில் நாரே வளைவோடு ஓடுவதால் மேசைக் காலாக வைத்தாலும் தாங்கும். கப்பல் புழு குடைந்த பலகையும் வீணல்ல. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோடு இருக்கும் அந்தக் குடைவுகள் சுவர்ச் சிற்பத்துக்கு அப்படியே ஏற்றவை, பாரம் தாங்கும் இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

சிக்கல் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீராகக் கசியும். ஐப்பசி கார்த்திகையில் வடசென்னையில் அது சாதாரணம். பாலிஷ் கொப்புளித்து உரிவதும், ஸ்க்ரூ துருப்பிடிப்பதும் அதனால்தான். அறுத்து, ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் ஊறப்போட்டுப் பயனில்லை. மெட்ரோ தண்ணீர்தான் சரி. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் ஊறல் நீரின் அளவு புதுத்தண்ணீரை விட அதிகம் ஏறாமல் நின்றால் போதும். பிறகு இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் சில மாதம் காய வேண்டும். பருமனான வங்குக்காலில் உள்ளே இருக்கும் உப்பு முழுவதும் வராது. அதற்கு எஃகு வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ போடுங்கள்.

ஆணி தேடுவதிலும் காந்தம் மட்டும் போதாது. படகில் செம்பு ஆணியும் இருக்கும், அது காந்தத்துக்குச் சிக்காது. கையடக்க மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிய பிறகே ரம்பத்துக்கு அனுப்புங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அடிப்பகுதிப் பூச்சில் செம்பு நஞ்சும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் தூசி நுரையீரலுக்குள் போகும். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி கட்டாயம். பழங்கால நிலைக்கதவு பெயிண்ட்டுக்கும் இதே எச்சரிக்கை. காய்கறி நறுக்கும் பலகை, தட்டு செய்யப் படகு மரம் கூடவே கூடாது.

பேலட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை, விட்டுவிடுங்கள். பலகை 20 மி.மீ. அளவில்தான் இருக்கும், இழைத்த பின் 16 மிஞ்சினால் அதிர்ஷ்டம். ஆக நம் டீப்பாய்க்கு ஓர் அங்குல மேல்பலகை இதில் வராது, பிளைவுட் மேல் ஒட்டவேண்டியிருக்கும். முறுக்கு ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும், இடுக்கில் ரம்பம் விட்டு ஆணியை அறுப்பதே மேல். கரையானுக்குப் பைன் விருந்து. ஒரு லிட்டர் வெந்நீருக்குப் போராக்ஸ் 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் கரைத்து இரண்டு முறை பூசி, காய்ந்ததும் வார்னிஷ் அடியுங்கள். தண்ணீர் பட்டால் கரைந்து போகும் மருந்து இது. அதனால் தரையைத் தொடாத, நனையாத வேலைக்கு மட்டும்: சுவரில் ஒட்டும் இலை வடிவங்கள், சட்டகம், சிற்பம் தொடங்குமுன் மாதிரி.

எங்கள் தேர்வைக் கேட்டால், டீப்பாய்க்கு மேலே தேக்கு, கீழே வங்குக்கால். இரண்டும் சேருமிடத்தில் காலின் நாக்கை மேல்பலகைக்குள் நேரடியாக ஏற்றாமல் நடுவே ஒரு தேக்குச் சட்டம் கொடுங்கள். உப்புக் கசிவு மேல்பலகையை எட்டாது, காலை மாற்ற வேண்டி வந்தால் கழற்றவும் முடியும்.