கேட் தூணா, தாழ்வாரமா? தோட்டத்து வீட்டுக்கு ஏற்ற கேமரா

பல்லடம், காங்கயம், சிவகிரிப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் வயதானவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீடுகள் நிறைய. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அசைவு கண்டால் பதிவாகும் கேமரா ஒன்றை வாங்கி வந்து, கேட் தூணில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு தாழ்வாரத்து மூலைக்கே.

பேட்டரியிலும் சோலாரிலும் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். உடல் வெப்பம் இடம் மாறுவதை வைத்துத்தான் அது விழித்துக்கொள்ளும். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேர் எதிரே வருபவரைத் தாமதமாகவே கண்டுகொள்ளும். இட்டேரியை, அதாவது தோட்டத்துக்கு வரும் வேலியோர மண் பாதையை, பார்த்தபடி கேட்டில் மாட்டினால், வருகிற ஆள் கேமராவை நோக்கி நேராகத்தான் வருவார். தாழ்வாரத்து மூலையில் 8 முதல் 10 அடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாசலுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் கதவை நெருங்குபவர் அதன் பார்வையைக் கடந்தே தீர வேண்டும். கைக்கும் எட்டாது, வீட்டு வை-ஃபையும் கிடைக்கும்.

கேட்டுக்கு உள்ள சாதகம் வண்டி எண் ஒன்றுதான். அதுவும் இரவில் முகப்பு விளக்கின் கூச்சத்தில் பல நேரம் வெறும் வெள்ளைப் பலகையாகவே பதிவாகும். தவிர, கிளுவை வேலியைத் தாண்டி வருபவர் கேட் பக்கம் எதற்கு வரப்போகிறார்? தடாகம், மருதமலை அடிவாரத்தில் யானைகூட கேட்டை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

இனி, எந்த வகைக் கேமரா? படத்தில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் பார்த்து எச்சரிக்கும் கேமராவைத் தென்னந்தோப்புக்குள் வைத்தால், ஆனி, ஆடி மாதங்களில் போனை அணைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மட்டை ஆடும், நிழல் ஆடும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எச்சரிக்கை வரும். இரவில் அகச்சிவப்பு விளக்கைத் தேடி வரும் பூச்சிக்கும், லென்சின் முன் சிலந்தி கட்டும் வலைக்கும் இதே கதைதான். அசைவது மனிதர்தானா என்று பார்த்து ஆளை அடையாளம் காணும் வசதி உள்ள கேமரா இதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் அவற்றில் பல மின்சாரத்தை நம்பியவை. இன்வெர்ட்டர் இணைப்பில்லாமல் வைத்தால் மின்தடை நேரத்தில் பயனில்லை.

பி.ஐ.ஆருக்குச் சித்திரைதான் சோதனை. ஈரோடு, கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மனித உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு சுருங்கிவிடும். ஆள் நடந்தாலும் சென்சார் சும்மா இருக்கலாம். இருந்தாலும் இரவுக் காவலுக்கும் தென்னை சூழ்ந்த வீட்டுக்கும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மரமில்லாத சிமென்ட் களமும் நிலையான மின்சாரமும் இருந்தால் ஆளை அடையாளம் காணும் கேமரா.

இரண்டாவது கேமராவுக்குக் காசு இருந்தால் பின்பக்கம், மாடு கட்டும் கட்டுத்தரையும் பின்கதவும் தெரியும்படி மாட்டலாம். மேற்கு பார்த்து வைக்காதீர்கள்; மாலை வெயில் நேராக விழும். திருகை இறுக்கும் முன் பகல் 2 மணிக்கு ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் யாரையாவது வேலியோரமாக நடக்கவிட்டு, போனில் எச்சரிக்கை எப்போது வருகிறது என்று பாருங்கள்.