வடிகாலா, வசூலா, சபையா? தெருவில் நிற்கும் தண்ணீருக்கு மூன்று வழிகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பீரோவின் அடித்தட்டு காலியாகிவிடும். ரேஷன் அட்டை, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் பரணுக்கு ஏறும். 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் அதை மறக்கவிடவில்லை. தண்ணீர் வடிய வேண்டும் என்று கேட்கும் சென்னைக்காரருக்கு இன்று மூன்று கதவுகள் இருக்கின்றன.

பெரிய கதவு, மாநகராட்சியின் வடிகால் திட்டங்கள். கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு, அதாவது மழைநீர் அந்த ஆற்றை நோக்கி வடியும் பரப்புக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு ரூ.3,220 கோடித் திட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் என்று விரிந்த நிலம். இதைத் தெருக்காரர்கள் கூடிச் செய்துவிட முடியாது. சரிவும் மட்டமும் பார்த்துப் பொறியாளர்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் அவர் ஒருவரே முடிவு செய்யும்போதுதான் சிக்கல். கோவளம் வடிநிலத் திட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைவாசிகள், மணல் தரையே மழையைக் குடித்துவிடுமே, வடிகால் எதற்கு என்று சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்க் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே போலக் கேட்க தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஏது நேரம்?

இரண்டாவது, 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம். வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 9 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பங்கு 3 லட்சம். 60 வீடுள்ள அடுக்குமாடியில் வீட்டுக்கு 5,000 ரூபாய். ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வசூலாகிவிடும். கால்வாயோரத்து 60 வீடுகளிலும் அதே 5,000தான்; அங்கே அது ஒரு மாத வாடகை. தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிறது. இந்தத் திட்டத்தின் பணம் மேட்டைத் தேடுகிறது.

(நான்காவதாக ஒரு வழி உண்டு: ஆட்களையே அப்புறப்படுத்துவது. வெள்ள அபாயம் என்று சொல்லி ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். இதை ஒப்பீட்டில் சேர்க்க எனக்கு மனமில்லை.)

மூன்றாவது, 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு வந்த பகுதி சபை: வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்கே வசிப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம். எங்கள் பகுதியில் கூடியபோது போயிருந்தேன். இருபது நாற்காலி, பாதி காலி. பொறியாளர் வரைபடத்தை விரித்து, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று விளக்கினார். இட்லிக் கடை போடும் அம்மாள் ஒருவர் எழுந்தார். “தம்பி, உங்கள் படத்தில் தண்ணீர் கிழக்கே போகிறது. எங்கள் தெருவில் அது கிழக்கிலிருந்துதான் வருகிறது.” தன் வீட்டுச் சுவரில் செங்கல் துண்டால் கிழித்து வைத்திருந்த கோடுகளைக் காட்டக் கையோடு அழைத்தும் போனார். 2015-க்கு இடுப்பளவு, 2023-க்கு முழங்காலுக்கு மேல். கிழக்கே உள்ள பிரதான சாலையின் மேல் தார் அடுக்கு அடுக்காக ஏறியிருந்தது. எங்கள் தெரு பள்ளமாகிவிட்டது. வடிகாலில் சேறு தங்குவதற்கென்று கட்டிய வண்டல் தொட்டியின் மூடியைத் திறந்தால் சேறு, பால் பாக்கெட், ஒரு ஹெல்மெட்.

பொறியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அதோடு சரி. சபையின் கையில் தனிப் பணம் இல்லாததால் அது தீர்மானம் போடலாம், மனு கொடுக்கலாம், காத்திருக்கலாம்.

பணம் கொடுத்தால் மக்கள் வீணடிப்பார்கள் என்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 2005-இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களின் கணக்குக்கே நிதி போனது. யார் மிக ஏழை என்பதை ஊரே கூடிச் சொன்னது, கணக்கைச் சரிபார்க்கவும் ஊரிலேயே குழு இருந்தது. கென்யாவில் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் பணிகளில் எது முதலில் என்பதை வார்டு அளவிலான குழுக்கள் சொல்கின்றன.

என் ஓட்டு மூன்றாவதற்கு. பெரிய கால்வாயைப் பொறியாளர் கட்டட்டும். தெருவுக்குள் எது முதலில் என்பதைச் சபை சொல்லட்டும், அதற்கான நிதியும் சபையின் பெயரிலேயே வரட்டும், பங்குத் தொகை கேட்காமல். தூர் வாரியதாக ஒப்பந்ததாரர் கொடுக்கும் பில்லில் அந்த இட்லிக் கடை அம்மாளின் கையெழுத்து விழுந்த பிறகே பணம் போக வேண்டும்.